பழைய வரைபடமும் எமது பரம்பரையும்

எம்மோடு இடம்பெயர்ந்து வந்த ஆச்சி ஒருவரிடம் சென்ற மாதம் ஒரு பழைய வரைபடத்தைக் கொண்டுபோய்க் காட்டினோம். வலிகாமம் வடக்கின் கரையோரம் முழுவதும் அதில் இருந்தது. ஒரு மைல் நிலத்தை ஒரு அங்குலமாகச் சுருக்கி நில அளவைத் திணைக்களம் அந்நாளில் அச்சிட்ட தாள். பெயர்கள் எல்லாம் ஆங்கிலத்தில். ஆச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இதில கடல் எந்தப் பக்கம் மோனை?" என்று கேட்டார். மேலே இருப்பது கடல் என்றோம். உடனே தாளை எங்கள் கையிலிருந்து வாங்கித் தலைகீழாகத் திருப்பிப் பாயில் விரித்தார். "கடல் எங்களுக்கு முதுகுப் பக்கமெல்லோ. விடியப்புறம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதானே தோட்டத்துக்குப் போறது" என்றார்.

கோயிலின் அடையாளம் எது என்று மட்டும் காட்டிக்கொடுத்தோம். அதிலிருந்து அவருடைய விரல் தானாகவே நடந்தது. சந்தி, அதற்கப்பால் தெரு வளையும் இடம், வளைவில் பிரியும் வண்டிப்பாதை. பாதை முடிந்து படம் வெறும் வெள்ளையாகக் கிடந்த இடத்தில் விரலை வைத்தவர், ஒன்றன்பின் ஒன்றாகக் காணிப் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். பதினொரு பெயர்கள். எது யாருடைய சீதனம், எது ஈட்டுக்குப் போய் மீண்டது, எதில் புகையிலை நன்றாக வரும், எதில் கிணறு தோண்டப் போய்ப் பாறை முட்டி விட்டுவிட்டார்கள் என்பதெல்லாம் கூடவே வந்தன. அருகில் இருந்த அவருடைய மகனுக்கு வயது அறுபதை நெருங்குகிறது. அந்தப் பதினொன்றில் நாலு பெயர்களைத்தான் அவர் முன்பு கேள்விப்பட்டிருந்தார். பேரப்பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது.

1990 இன் நடுப்பகுதியில் அந்தக் கரையை விட்டு வெளியேறியபோது ஆச்சிக்கு வயது ஐம்பது. இத்தனை ஆண்டுகளிலும் எத்தனையோ படிவங்களில் அவர் பெருவிரல் அடையாளம் வைத்திருக்கிறார். குடும்ப அட்டைக்கு, நிவாரணத்துக்கு, வீட்டுத் திட்டத்துக்கு. ஒரு படிவமாவது அவரிடம் காணியின் பெயர் என்ன என்று கேட்டதில்லை. நாங்களும் கேட்டதில்லை. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறோம்.

குடும்ப வரலாறு தேடுவது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் எம்மவர் பலரிடம் உண்டு. வெளிநாடுகளில் அப்படியிருக்கலாம். அங்கே ஒரு குடும்பத்துக்கு ஒரு குடும்பப் பெயர் இருக்கும். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு முன்னூறு வருடம் பின்னால் போகலாம். எங்களுக்கு அந்த வழி இல்லை. தகப்பனின் பெயரை முதலெழுத்தாக முன்னால் போடுகிறோம். அடுத்த தலைமுறையில் அது மாறிவிடுகிறது. பாட்டனுக்குப் பாட்டன் பெயரைச் சொல்லக்கூடியவர்கள் நம்மில் எத்தனை பேர்? பிறப்பு இறப்புப் பதிவு இந்த நாட்டில் ஒழுங்காகத் தொடங்கியது 1860களின் இறுதியில்தான். ஆனால் மாறாமல் நின்றது ஒன்றுண்டு. அது காணியின் பெயர். ஆட்கள் வந்து போனார்கள், காணி அதே பெயரோடு உறுதிக்கு உறுதி கைமாறி வந்தது. ஆகவே எமது குடும்ப வரலாற்றை ஆட்களின் பெயரில் தேடுவதைவிட நிலத்தின் பெயரில் தேடுவதே சுலபம் என்பது எமது கருத்து. நிலத்தைத் தேடுவதற்கு வரைபடம் வேண்டும்.

கையில் பழைய உறுதி ஒன்று, கிழிந்ததோ பிரதியோ, இருப்பவர்கள் அதன் கடைசிப் பகுதியை எடுத்துப் பாருங்கள். மாவட்டம், பகுதி என்று சொல்லிக்கொண்டு வந்து இன்ன 'கோவிற்பற்று' என்று ஒரு சொல் வரும். அது இன்றைய பிரதேச செயலகப் பிரிவு அல்ல, கிராம அலுவலர் பிரிவும் அல்ல. போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தை 1619 இல் பிடித்த பின் ஊர்களைக் கோவில்வாரியாகப் பிரித்தார்கள். 1658 இல் வந்த ஒல்லாந்தர் அந்தப் பிரிவுகளையே வைத்துக்கொண்டார்கள். 1658 முதல் 1665 வரை இங்கே இருந்த ஒல்லாந்தப் போதகர் பிலிப்பு பால்டேயு என்பவர் 1672 இல் அம்ஸ்ரர்டாமில் அச்சிட்ட நூலில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் படமும், கோவிற்பற்றுகளின் விபரமும், பல தேவாலயங்களின் சித்திரங்களும் இருக்கின்றன. முன்னூற்றைம்பது வருடத்துக்கு முந்திய அந்தப் பிரிவு நேற்று முடிந்த உறுதியிலும் நிற்கிறது. ஆட்சி மூன்று முறை மாறியும் காணி எழுத்து அதை விடவில்லை.

தோம்பு என்ற சொல்லும் அப்படி வந்ததே. போர்த்துக்கேயச் சொல். காணியையும் ஆட்களையும் வரிக்காக எழுதிவைத்த பேரேடு. ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகள் பல கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. இன்றும் எம்மவர் காணிக் கந்தோரில் பதிவு பார்ப்பதைத் தோம்பு பார்ப்பது என்றே சொல்கிறார்கள். ஒல்லாந்தரின் படங்களில் பெருந்தொகை நெதர்லாந்தின் தேசிய ஆவணக் காப்பகத்தில் உண்டு. கைத்தொலைபேசி வைத்திருக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அவற்றில் பலவற்றை முற்றத்தில் இருந்தே பார்க்கலாம். பார்க்கும்போது பெயர்களில் ஏமாறக் கூடாது. காரைதீவை அம்ஸ்ரர்டாம் என்றும், வேலணையை லைடன் என்றும், புங்குடுதீவை மிடில்பேர்க் என்றும் தங்கள் ஊர்ப் பெயர்களால் அழைத்தார்கள். நெடுந்தீவுக்கு வைத்த டெல்வ்ற் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வட்டுக்கோட்டை பற்றிக்கோட்டா ஆயிற்று. பருத்தித்துறை பொயின்ற் பெட்ரோ ஆயிற்று. வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி எழுதிய பெயரை வாய்விட்டு இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தால் சில வேளை எங்கள் ஊர் வெளியே வரும். இந்த வேலைக்குப் படித்த பிள்ளையைவிடக் காது நல்லாய்க் கேட்கும் கிழவர் உதவுவார்.

ஆனால் ஒரு குடும்பத்துக்கு மிகவும் பயன்படுவது இந்த அலங்காரமான படங்கள் அல்ல. ஆங்கிலேயர் 1800 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் நில அளவைத் திணைக்களத்தைத் தொடக்கினார்கள். அதன் ஒரு அங்குலத் தாள்களுக்கான அளவை 1897 இல் ஆரம்பித்து 1924 இல் முடிவுற்றது. முழு இலங்கையும் 72 தாள்களில் அடங்கியது. பின்னர் வந்தவை ஐம்பதினாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் 92 தாள்கள். பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு ஊர் எப்படி மாறியது என்பது தெரியும். காங்கேசன்துறைக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1902 இல். சீமெந்து ஆலை வந்தது 1950 இல். பலாலியில் விமானத்தளம் போட்டது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். அதற்கு முந்திய தாளில் ஓடுபாதை கிடையாது. அங்கே பாதைகள் ஓடுகின்றன. 2019 அக்டோபரில் அதே தளம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது பத்திரிகைகள் எல்லாம் படம் போட்டன. அந்த மண்ணில் முன்பு யார் வெங்காயம் நட்டார்கள் என்பதை அறிய வேண்டுமானால் பழைய தாளில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

இன்னொன்று, எங்கள் கண்ணில் எல்லாவற்றிலும் பெறுமதியானது, 1956 இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியோடு எடுக்கப்பட்ட ஆகாயப் படங்கள். படம் வரைபவர் தமக்குத் தேவையானதை மாத்திரம் வரைவார். கமராவுக்கு அந்தப் பேதம் இல்லை. வேலி, பனங்கூடல், வளவு, ஒழுங்கை எல்லாம் அன்று கிடந்தபடியே விழுந்திருக்கும். அன்று பத்து வயதுப் பிள்ளைகளாய் இருந்தவர்கள் இன்று எண்பதுக்குச் சற்று முன்பின்னாக எம்மத்தியில் இருக்கிறார்கள். படத்தையும் அவர்களையும் ஒரே பாயில் இருத்தக்கூடிய காலம் இன்னும் எத்தனை வருடம் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

இனி, தேடுகிறவர்கள் பொதுவாக விடும் ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். எல்லோரும் தகப்பன் வழியாகத்தான் தேடுகிறார்கள். அப்பு, அப்புவின் அப்பு என்று போவார்கள். இரண்டு தலைமுறையில் வழி அடைபட்டுவிடும். யாழ்ப்பாணத்தில் வீடும் வளவும் பெரும்பாலும் சீதனமாகப் பெண்பிள்ளைக்கே போயின. 1707 இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி எழுத்தில் கொண்டுவந்த தேசவழமையில் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற பிரிவுகள் இருக்கின்றன. 1806 இல் ஆங்கிலேயர் அதைச் சட்டமாக ஏற்றார்கள்; 1911 இல் திருத்தினார்கள்; அது இன்றும் எங்கள் காணிகளை ஆளுகிறது. ஆகவே ஒரு வளவு நாலு தலைமுறையாக ஒரே குடும்பத்தில் இருந்தது என்றால், அது தாயிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து பேத்திக்கு என்று வந்திருக்கவே இடமதிகம். உறுதியில் புருஷனின் பெயர் முன்னால் நிற்பதால் ஒவ்வொரு தலைமுறையிலும் வேறு வேறு குடும்பம் போலத் தோன்றும். ஆச்சி சொன்ன பதினொரு காணிகளில் ஏழு பெண்கள் வழியாக வந்தவை. அவருடைய பெத்தாச்சியின் பெயரை எந்தப் பத்திரத்திலும் நாங்கள் காணவில்லை. ஆனால் ஒரு புலத்தின் பெயரில் அந்த அம்மாவின் பெயர் ஒட்டியிருந்தது. அதைச் சொன்னபோது ஆச்சியே ஒரு கணம் வாயடைத்துப்போனார். "நானும் சும்மா காணிப் பேர் எண்டல்லோ நினைச்சிருந்தனான்."

காணிப் பெயர்களின் வாலைக் கவனியுங்கள். புலம், வளவு, சீமா, கலட்டி, தறை, ஓடை, துரவு, தாழ்வு. கலட்டி என்றால் கல் நிலம் என்று விவசாயிக்குச் சொல்லத் தேவையில்லை. துரவு என்று முடிந்தால் அங்கே தண்ணீர் கிட்டத்தில் இருந்தது. பெயரில் ஒரு மரம் இருந்தால் மரம் பட்டுப்போயிருக்கும், பெயர் நிற்கும். மீளக் குடியேறிய சிலர் பற்றை வெட்டித் துப்புரவாக்கியபோது எல்லைக்கல் எதுவும் இல்லாமல், பெயரில் இருந்த துரவைத் தேடிக் கண்டு அதிலிருந்து காணியை அளந்தார்கள் என்று கேள்விப்பட்டோம்.

கிணற்றுப் பங்கும் அப்படியே. உறுதியில் 'கிணற்றிற் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும்' என்று வரும் வரியை நாங்கள் அவசரத்தில் தாண்டிவிடுகிறோம். ஒரு கிணற்றில் எட்டிலொரு பங்கு இருந்தால் அது முதலில் முழுக் கிணறாக ஒருவர் கையில் இருந்து பாதியாகி, காலாகி, எட்டிலொன்றாகி வந்திருக்கலாம். மூன்று தலைமுறை. எல்லாக் கிணறும் இப்படிச் சீராகப் பிரிந்தது என்று சொல்லவில்லை. விற்பனையும் சண்டையும் இடையில் புகுந்திருக்கும். என்றாலும் ஒரே துலாவில் முறை வைத்து இறைத்த நாலு குடும்பங்களையும் கூப்பிட்டு இருத்தினால், தாங்கள் ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்பதை அறியாத இரண்டு பேராவது அதில் இருப்பார்கள்.

இத்தனையும் வரைபடத்தின் புகழ். அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இந்தப் படங்களை எமக்காக யாரும் வரையவில்லை. ஒல்லாந்தர் வரிக்காகவும் காவலுக்காகவும் வரைந்தார்கள். ஆனையிறவுப் பக்கத்தில் குடாநாட்டின் கழுத்தில் வரிசையாக வைத்திருந்த சிறு கோட்டைகளை அவர்களின் படங்களில் காணலாம். அருகில் இருந்த வேளாண் குடிகளின் வீடுகளைக் காண்பது அரிது. மன்னார்க் கரையில் இது இன்னும் அப்பட்டம். சிலாவத்துறை, அரிப்புக்கு நேரே கடலுக்கு அடியில் கிடக்கும் முத்துப் பார்களை ஆங்கிலேயர் மிக நுணுக்கமாக அளந்து, பெரிய பார் முதலான தமிழ்ப் பெயர்களை மாற்றாமலே படத்தில் போட்டார்கள். முத்து திறைசேரிக்குப் பணம் தந்தது. கரையில் ஆட்டுப்பட்டியும் ஒரு போக நெல்லும் வைத்திருந்த முசலிக் குடியானவனின் குளத்துக்கு அந்த மதிப்பு இல்லை. கடலடியில் கிடந்த சிப்பிக்குப் பெயர் இருந்தது, கரையில் இருந்த மனிதனின் வயலுக்குப் பெயர் இல்லை.

இந்த வெற்றிடம் ஆபத்தில்லாத வெற்றிடம் அல்ல. 1840 இன் 12 ஆம் இலக்கச் சட்டம், காடும் தரிசும் பயிர் செய்யப்படாத நிலமும், மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியது என்று சொன்னது. 1897 இல் தரிசு நிலச் சட்டம் வந்தது. 1931 இல் 20 ஆம் இலக்கக் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டம் வந்தது. கரையோர நிலத்தை நினைத்துப் பாருங்கள். மணல், பனை, பற்றை, மாரியில் தண்ணீர் நிற்கும் தாழ்வு. அளவையாளர் கோடையில் வந்து பார்த்தால் தரிசு என்றுதான் எழுதுவார். அங்கேதான் எங்கள் வீட்டார் மாடு கட்டினார்கள், ஓலை வெட்டினார்கள், தோட்டத்துப் பசளைக்குச் சாதாளை அள்ளிக் குவித்தார்கள். படத்தின் வெள்ளை நிறத்தைச் சட்டம் வெறுமை என்று வாசித்தது.

பழைய கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2025 மார்ச் 28 ஆம் திகதிய வர்த்தமானியில், அதே 1931 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4 ஆம் பிரிவின் கீழ், வடமாகாணத்தில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் பற்றி அறிவித்தல் வெளிவந்தது. மிகப் பெரும் பங்கு யாழ்ப்பாண மாவட்டத்தில், அடுத்தது முல்லைத்தீவில். மூன்று மாதத்துக்குள் உரிமை கோராத காணிகள் அரச காணியாகலாம் என்ற நிலை. உறுதி எரிந்தவர், பெட்டியோடு கடலில் விட்டவர், 2004 டிசம்பர் 26 அன்று அலையில் இழந்தவர், தாய் தகப்பன் பெயரில் கிடந்த காணியைப் பிரிக்காமலே இந்தியாவிலும் கனடாவிலும் சிதறியிருப்பவர் எல்லோரும் மூன்று மாதத்துக்குள் என்ன செய்ய முடியும்? ஜூன் 27 இல் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அறிவித்தலும் மீளப் பெறப்பட்டது. மூச்சு விட்டோம். ஆனால் அந்த மூன்று மாதத்தில் எங்கள் மத்தியில் நடந்ததை மறக்கக் கூடாது. காணியின் எல்லையில் யார் இருந்தார்கள், எந்தக் கோவிற்பற்று, எந்தப் பெயர் என்று கேட்டுப் பிள்ளைகள் நாலு நாட்டிலிருந்து தொலைபேசி எடுத்தார்கள். பதில் சொல்லக்கூடியவர்களில் பலர் அதற்கு முன்னரே போய்விட்டார்கள்.

முசலியில் இதையே வேறு வடிவத்தில் கண்டோம். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் இருபது வருடத்தின் பின் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கம் திரும்பியபோது ஊர் காடாகியிருந்தது. 2012 இல் அந்தப் பகுதியில் பெருநிலம் வன ஒதுக்கமாக வர்த்தமானியில் வந்தது. காட்டை அழித்து வந்தவர்கள் என்று அவர்களைச் சொன்னார்கள். பற்றைக்கு வயது இருபது, ஊருக்கு வயது எத்தனை என்று கேட்பதற்குப் பழைய தாள் கையில் இருந்திருக்க வேண்டும். 1834 இல் கற்பிட்டியைச் சேர்ந்த தமிழரான சைமன் காசிச்செட்டி தொகுத்த இலங்கை ஊர் விபரக்கோவை போன்ற நூல்களையும் தாளோடு சேர்த்து வாசிக்கலாம். அதை முஸ்லிம் வாசிப்பது, தமிழர் வாசிப்பது என்ற பேதம் வேண்டியதில்லை.

ஆனால் வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வேலிச் சண்டைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு அங்குலத் தாளில் ஒரு ஏக்கர், அதாவது பதினாறு வரகுப் பரப்பு, ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் சதுரம். ஒரு கடுகின் அளவு. பென்சிலால் நீங்கள் போடும் கோட்டின் தடிப்பே நிலத்தில் முப்பது மீற்றர் வரும். அந்தக் கோட்டைக் காட்டி அடுத்த வளவுக்காரரின் மதிலை உடைக்கச் சொன்னால் எந்த நீதிமன்றமும் சிரிக்கும். எல்லைக்கு வேண்டியது உறுதியும், நில அளவையாளரின் பிளானும், காணிக் கந்தோரின் பதிவும். பழைய படம் ஊர் இருந்ததைச் சொல்லும், பாதை போனதைச் சொல்லும், கோயிலும் கேணியும் நின்ற இடத்தைச் சொல்லும். அதற்கு மேல் அதனிடம் கேட்கக் கூடாது. கரையோரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு: உறுதியில் 'வடக்கு கடல்' என்று எழுதியிருக்கும், கடல் அதே இடத்தில் நிற்பதில்லை. மணல்காட்டில் மணல் ஏறி மூடிய பழைய தேவாலயத்தின் சுவர்களைப் பார்த்தவர்களுக்கு மணலும் நடக்கும் என்பது தெரியும்.

'இதெல்லாம் செய்தால் காணி திரும்பக் கிடைக்குமோ' என்று முகாமிலிருந்து வந்த ஒருவர் எங்களை நேரே கேட்டார். கிடைக்காது. பொய் சொல்ல மாட்டோம். மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் விடுபட்டது வரைபடத்தால் அல்ல. மக்கள் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்ததால். இன்னும் விடுபடாத நிலமும் உண்டு. ஆனால் கேட்பவர்களுக்குத் தாங்கள் எதைக் கேட்கிறோம் என்பது பெயர் பெயராகத் தெரிந்திருந்தால் அந்தக் கேள்விக்குக் கனம் கூடும்.

இந்த வேலையில் மறைக்கக் கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். உறுதியும் தோம்பும் காணி உடையவனின் வரலாறு. அடுத்தவர் வளவில் குடியிருந்து, அடுத்தவர் தோட்டத்தில் கொத்தி, இறைத்து, பனை ஏறி வாழ்ந்தவர்களுக்கு அதில் இடமில்லை. இருந்தால் சாதியின் பெயரால் மாத்திரம் இருக்கும். இந்த நாட்டில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844 இல்தான். அதற்கு முந்திய ஏடுகளில் மனிதர் சொத்தாக எழுதப்பட்டிருப்பதையும் தேடுகிறவர் காண நேரலாம். சிலர் அந்தப் பக்கத்தை மடித்துவிட விரும்புவார்கள். மடிக்க வேண்டாம். ஆச்சியிடம் நாங்கள் இரண்டாம் நாள் கேட்டது அதைத்தான்: இந்தப் பதினொரு காணியிலும் யார் வேலை செய்தார்கள், அவர்களின் கொட்டில் எந்த மூலையில் நின்றது? முதலில் தயங்கினார். பிறகு மூன்று குடும்பங்களைச் சொன்னார். அவர்களில் ஒரு குடும்பத்தின் பிள்ளைகள் அடுத்த குடியேற்றத்திலேயே இருக்கிறார்கள். காணி உரித்து இல்லாததால் வீட்டுத் திட்டத்துக்கு அலைந்தவர்கள். அவர்களின் தாயார் வந்து அதே தாளில் தன் கொட்டில் நின்ற இடத்தைக் காட்டினார். ஆச்சி சொன்ன மூலை அல்ல அது. கிணற்றுக்கு மறுபக்கம். இருவரும் சற்று நேரம் வாதாடினார்கள்.

யாழ்ப்பாண நூலகம் 1981 இல் எரிந்தபோது தொண்ணூற்றேழாயிரம் நூல்களும் ஏடுகளும் போயின. பழைய கச்சேரிக் கட்டிடம் போரில் இடிந்து கிடக்கிறது. கொழும்புக்குப் போய் வர எல்லோருக்கும் வசதியில்லை என்பதும் தெரியும். ஆகவே தொடங்க வேண்டிய இடம் வீடுதான். ஒரு ஒற்றைத் தாளின் பிரதி, ஒரு கொப்பி, ஒரு பென்சில் போதும். உறுதி இருந்தால் அதிலுள்ள கோவிற்பற்றையும் நாலு எல்லையையும் முதலில் எழுதுங்கள். கோயில், தேவாலயம், பள்ளிவாசல், சந்தி, கேணி என்று அசையாதவற்றைத் தாளில் அடையாளம் வையுங்கள். பிறகு முதியவரை இருத்தி, தாளை அவர் விரும்பும் பக்கமாகத் திருப்ப விடுங்கள். ஆண்களையும் பெண்களையும் தனித்தனியே கேட்பது நல்லது. ஆண்கள் தெருவையும் தோட்டத்தையும் சொல்வார்கள். வளவுக்கு வளவு போகும் பொட்டு எங்கே இருந்தது என்பதைப் பெண்கள்தான் சொல்வார்கள். திருமுழுக்குப் பதிவேடும் விவாகப் பதிவும் கிடைத்தால் ஊர்ப் பெயரையும் திகதியையும் அதிலிருந்து சேருங்கள். சொன்னவர் பெயரையும் சொன்ன நாளையும் ஓரத்தில் குறிக்க மறவாதீர்கள். ஒரு பிரதியை வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைக்கு அனுப்பிவையுங்கள். ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் வைத்ததன் பலனை நாங்கள் அனுபவித்துவிட்டோம்.

எங்கள் தாளில் இப்பொழுது இருபத்திரண்டு காணிப் பெயர்கள் பென்சிலில் நிற்கின்றன. பலாலித் தெருவுக்குக் கிழக்கே ஒரு துண்டு மட்டும் முடிவாகவில்லை. ஆச்சி ஒரு பெயர் சொன்னார். கொட்டிலில் இருந்த தாயார் இன்னொரு பெயர் சொன்னார். கனடாவிலிருந்து ஆச்சியின் தங்கை தொலைபேசியில் மூன்றாவது ஒன்றைச் சொல்லி, மற்ற இரண்டும் பிழை என்று அடித்துச் சொன்னார். மூன்றையும் எழுதியிருக்கிறோம். இடம் போதாததால் எழுத்தைச் சற்றுச் சிறிதாக்க வேண்டி வந்தது.